செக் கேஸா, சிவில் கேஸா?

பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன், நண்பருக்கு 4 லட்சம் கைமாற்றாகக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மஞ்சள் பையில் ஒரு புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு), பணமில்லாமல் திரும்பி வந்த ஒரு செக். எதை வைத்து வழக்குப் போடுவது?

காலக்கெடு: செக் என்றால் கெடுபிடிதான். செக் திரும்பியதாக வங்கி தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது கடன்காரர் கைக்குப் போனபின், பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம். அப்படியும் கட்டாவிட்டால், அப்புறம் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார்.

புரோநோட்டை வைத்துப் போடும் சிவில் வழக்குக்கு 3 வருடம். இடையில் கடன்காரர் கொஞ்சம் கட்டி, நோட்டின் பின்னால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து மறுபடி 3 வருடம். அண்ணன் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். 10,000 வரவு இருக்கிறது, எழுதியது அண்ணனே! கடன்காரர் கையெழுத்தைக் காணோம். கெடுவை நீட்ட அது உதவாது.

செலவு: சிவிலில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ், அதாவது 12,000. செக் கேஸில் வக்கீல் ஃபீஸ்தான் பெரிது.

பயம்: செக் கேஸில் 2 வருடம் வரை சிறை, செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம். சமாதானத்துக்கு இறங்கி வருவார்கள். சிவிலில் ஜெயித்தாலும் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு, ஜப்தி என்று இன்னொரு சுற்று.

கெடு தப்பாத செக் கையில் இருந்தால் அதுதான் முதலில். கெடு போய்விட்டது, ஆனால் எதிராளி பெயரில் மனையோ வீடோ உண்டு என்றால் சிவில். இரண்டையும் சேர்த்துப் போடவும் தடையில்லை. அண்ணனுக்கு நோட்டீஸ் அனுப்ப இன்னும் 6 நாள்தான். நாளைக் காலை பாரிமுனைக்கு வக்கீலைப் பார்க்கப் போகிறோம்.