5 கிலோ கோகோபீட் கட்டி: கடலோர மாடித்தோட்டத்துக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் தேங்காய் நார்க்கழிவுத் தூளான இந்தக் கோகோபீட் மண்ணுக்கு மாற்றாக அல்ல, மண்ணோடு மூன்றில் ஒரு பங்காகக் கலக்க. சென்னை, கடலூர், புதுச்சேரி மாதிரி காற்றிலேயே ஈரம் நிற்கும் ஊர்களில், ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பங்கையும் குறைக்க வேண்டும். பை முழுக்கக் கோகோபீட்டை நிரப்பிவிட்டுச் செடி ஏன் அழுகுகிறது என்று தேடுபவர்கள் நிறைய. கோளாறு கட்டியில் இல்லை, கலவையில்.

கட்டி ஏறக்குறைய ஓரடிச் சதுரம். 25 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் உப்பி, உதிர்த்தபின் 65 முதல் 75 லிட்டர் வரை வரும். 12 அங்குல வளர்ப்புப் பை ஒன்றுக்கு 20 லிட்டர் கலவை பிடிக்கும். ஆக மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒரு கட்டியில் பத்துப் பை நிரப்பலாம். 'எடையே இல்லை' என்று விற்கிறார்கள். தண்ணீர் குடித்தபின் அதே கட்டி 30 கிலோ. அதே அளவு ஈரச் செம்மண்ணோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவுதான் என்றாலும், பழைய மாடியில் பைகளை அடுக்குமுன் இந்த எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

தரத்தைத் தீர்மானிப்பது உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் குளோரைடும் அதிகம். உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டை என்றால் சோடியமும் ஏறியிருக்கும். கழுவாமல் அழுத்திய கட்டியில் கீரை விதை சரியாக முளைக்காது, தக்காளி இலையின் ஓரம் கருகும். உறையில் 'லோ இசி' (உப்பு குறைவு) என்று போட்டிருந்தாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஊறிய தூளைப் பிழிந்து, அந்த நீரை டிடிஎஸ் மீட்டரில் (நீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) பாருங்கள். ஊற்றிய தண்ணீருக்கு அதே மீட்டர் காட்டும் எண்ணைக் கழித்தபின் 300க்குக் கீழே இருந்தால் நல்ல சரக்கு. அதற்கு மேல் போனால் வெங்காயச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டு, மூன்று முறை நீர் ஊற்றி வடியவிடுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் தெருக்களில் இதனால் பயனில்லை, மழைநீர் வேண்டும். நாரோடு ஒட்டிய பொட்டாசியமும் சோடியமும் வெறும் நீருக்கு முழுதாக அசையாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்தால்தான் போகும். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவது தொடர்ந்தால் இதைச் செய்து பாருங்கள்.

நாற்றுக்கு இதைவிட நல்லது கிடைப்பது அரிது. ஆடிப்பட்டக் கத்திரி, மிளகாய், தக்காளிக்குக் குழித்தட்டில் மூன்று பங்கு கோகோபீட், ஒரு பங்கு மண்புழு உரம் போதும். விதையைச் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளில் புரட்டி (ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கு) அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். மேல்பரப்பு சீக்கிரம் வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே சொதசொத என்று இருக்கும். நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் தண்டு அடியில் இற்று நாற்று சாயும். தட்டைத் தூக்கிப் பாருங்கள், எடை குறைந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் கோகோபீட், செம்மண், மட்கிய உரம் மூன்றும் சம பங்கு. காலையில் ஊற்றிய நீர் மாலைவரை நிற்கும். இந்தக் கட்டிக்குக் கொடுக்கும் காசு அந்த இரண்டு மாதத்திலேயே ஈடாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் அதே குணமே எதிரி. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. புரட்டாசியிலேயே புதுப் பைகளுக்குப் பங்கை ஐந்தில் ஒன்றாக்கி, குறைத்த அளவுக்கு ஆற்று மணலோ உமிக்கரியோ சேருங்கள். அடியில் நாலு துளை, பக்கவாட்டில் ஓரங்குல உயரத்தில் நாலு துளை, கீழே செங்கல். மேலே பச்சைப் பாசி படர்ந்து பொடிக் கருப்பு ஈக்கள் எழும்பினால் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். பாசியைச் சுரண்டிவிட்டு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

உரச்சத்து என்று இதில் பொட்டாசியம் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. மட்காத தூளில் கரிமம், தழைச்சத்து விகிதம் நூறுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டும். நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தங்களுக்கு இழுத்துக்கொள்ள, அடி இலைகள் மஞ்சளாகும். ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் அதைத் தேற்றும். இடம் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை உண்டு: ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து, அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்து மட்கவைப்பது. கறுத்து, அளவு குறைந்து, விகிதம் 24க்கு ஒன்று அளவுக்கு இறங்கும். இப்படி மட்கிய நார்க்கழிவு மூட்டையாகக் கிடைத்தால், பைக் கலவைக்குக் கட்டியை விட்டுவிட்டு அதையே வாங்குவேன். கட்டி நாற்றுத் தட்டுக்கு.

கடையில் உறை பிரித்த மாதிரிக் கட்டி இருந்தால் ஒரு பிடி நனைத்துக் காட்டச் சொல்லுங்கள். நீள நார் அதிகம் இருந்தால் குழித்தட்டுக்கு ஆகாது, அரித்துத்தான் பயன்படுத்த வேண்டும். மாவு மாதிரி இருந்தால் மழைக்காலத்தில் காற்றே புகாது. கையில் மணல் நறநறவென்றால் எடைக்காகக் கலந்தது, வேண்டாம்.