நீலக் குப்பிகளும் ஒரு கிட்டாரும்

மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள், அதனால் போனேன். அறுபதுகளின் ஹிப்பி காலத்தை ஒரே ஆள் பாடி நடித்துக் காட்டும் நிகழ்ச்சி என்றதும் எனக்கு ஆவல் ஒன்றும் பொங்கவில்லை. நெற்றியில் துணிப்பட்டை, பெல்பாட்டம், கழுத்தில் பூமாலை, இவைதான் வரும் என்று நினைத்தேன். வந்தன. முதல் இருபது நிமிடம் மாறுவேடப் போட்டிபோலவே போயிற்று.

சான்பிரான்சிஸ்கோவில் எண்பது பேர் உட்காரக்கூடிய சிறிய அரங்கு. மேடையில் ஒரு முக்காலி, இரண்டு கிட்டார், ஒரு ஹார்மோனிகா, பின்னால் வெள்ளைத் திரை. பாடகருக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்தக் காலத்தை அவர் பார்த்தே இருக்க முடியாது. ஆனால் கிட்டார் அவர் சொன்னபடி கேட்டது.

1969 ஆகஸ்டில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவின் கதைக்கு வந்ததும் ஆட்டம் சூடு பிடித்தது. மற்ற கலைஞர்கள் போக்குவரத்து நெரிசலில் சிக்கிக்கொள்ள, முதலில் மேடையேறிய பாடகர் ரிச்சி ஹேவன்ஸ் பாடிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. கையிருப்புப் பாட்டெல்லாம் தீர்ந்தபின் பழைய பக்திப் பாடல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே புதிதாக ஒன்றைக் கட்டினார். இந்தக் கதையை நம் மேடைப் பாடகர் வாயால் சொல்லி முடிக்காமல், நம் கண்ணெதிரே தந்திகளைத் திருகி வேறு சுருதிக்குக் கொண்டுவந்து, கட்டைவிரலை மேலிருந்து வளைத்து அழுத்தி வாசித்துக் காட்டினார். முறுக்காணி கிறீச்சிடும் சத்தம் மூன்றாம் வரிசைவரை கேட்டது.

அடுத்து எனக்குக் கோபம் வந்தது. அதே விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய சாமியாரை, பெயர்கூடச் சொல்லாமல், மூக்கால் பேசி நையாண்டி செய்தார். அரங்கு சிரித்தது. சுவாமி சச்சிதானந்தா எங்கள் கோவைப் பக்கம் செட்டிபாளையத்துக்காரர் ஐயா! ஒரு நிமிடம் செலவழித்துப் பெயரையாவது சொல்லியிருக்கலாம்.

கோபத்தோடு எழுந்து போயிருந்தால் இழந்திருப்பேன். விளக்கெல்லாம் அணைந்து ஒன்று மட்டும் எரிந்தது. ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய நீல நிற பிளாஸ்டிக் குப்பிகள். 1969 டிசம்பர் 1 அன்று, வியட்நாம் போருக்கு யாரை முதலில் அழைப்பது என்று அமெரிக்க அரசு குலுக்கல் நடத்தியது. 366 குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. தேதி எத்தனையாவதாக வந்ததோ அதுவே அன்று பிறந்தவர்களின் எண். முதலில் வந்தது செப்டம்பர் 14. பாடகர் குடுவையை முன்வரிசைக்கு நீட்டினார். ஒவ்வொருவராகக் குப்பியை எடுத்துத் தேதியைப் படிக்க, அந்தத் தேதிகளையே வரிகளாக்கித் தாலாட்டு போன்ற ஒரு மெட்டில் பாடிக்கொண்டே போனார். வசனம் இல்லை, விளக்கம் இல்லை. பத்துப் பன்னிரண்டு தேதிகளுக்குப் பிறகு இருமல்கூட நின்றுவிட்டது.

என் பக்கத்து இருக்கைப் பெரியவர் திரும்பாமலே, "எனக்கு 217" என்றார். அந்தக் குலுக்கலில் 195 வரைதான் அழைத்தார்கள். சற்று நேரம் கழித்து, "என் அறைத்தோழனுக்கு 40" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். உடனே வண்ண விளக்குகளைப் போட்டு, எல்லோரையும் எழுப்பிக் கைதட்டச் சொல்லி, ஒரு கும்மாளப் பாட்டு. யார் யோசனையோ தெரியவில்லை. பெரியவர் எழுந்திருக்கவில்லை. நானும் உட்கார்ந்தே இருந்தேன்.

வெளியே சமாதானச் சின்னம் போட்ட பனியன் 40 டாலர், டிக்கெட்டே 35தான். இதே ஊரில் அந்தக் காலத்தில் டிக்கர்ஸ் என்ற குழுவினர் தெருவில் வந்தவர்க்கெல்லாம் சோறு இலவசமாகப் போட்டதைச் சற்றுமுன்தான் மேடையில் உருகி உருகிச் சொன்னார்.

இடைவேளை கிடையாது, ஒன்றரை மணி நேரம். போவதானால் முதல் வரிசையில் இடம் பாருங்கள். குடுவை அங்கேதான் வரும்.