மேப்புக்குக் காசைக் கொட்ட வேண்டாம், மைக்கைப் பாருங்க

எஸ்யூவி பார்க்கப் போனால் ஷோரூமில் முதலில் காட்டுவது அந்தப் பெரிய திரையைத்தான். "மேப்பு வண்டிக்குள்ளயே இருக்குதுங்க, போனே வேண்டாமுங்க" என்று சொல்லிச் சொல்லியே நேவிகேஷனும், போனைக் கையில் எடுக்காமல் பேசுகிற ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் சேர்ந்த டாப் வேரியன்ட்டைத் தலையில் கட்டிவிடுவார்கள். எங்கள் வண்டியிலும் அது இருக்கிறது. கோயமுத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி என்று ஓடிக்கொண்டே இருக்கிற வண்டி, அதனால் இதன் லட்சணம் நன்றாகவே தெரியும்.

அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாகிவிட்டது, ஆனால் வண்டி மேப்புக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. நாம் பாலத்து மேலே போய்க்கொண்டிருக்கும்போது லட்சுமி மில்ஸ் சிக்னலில் இடதுபக்கம் திரும்பச் சொல்கிறது, எங்கே திரும்புவது, குதிக்கத்தான் வேண்டும். அப்டேட் கேட்டால் சர்வீஸ் சென்டரில் தனியாகக் காசு. போன் மேப்பும் பாலத்தில் தடுமாறும்தான், ஏனென்றால் ஜிபிஎஸ்ஸுக்கு ரோட்டில் எங்கே நிற்கிறோம் என்பது பிடிபடுகிற அளவுக்கு உயரம் பிடிபடாது. ஆனாலும் அதில் பாலம் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இலவசமாக.

ஊர்ப் பெயரை வாயால் சொன்னால் இன்னும் கூத்து. ஊத்துக்குளி என்றால் நமக்கு வெண்ணெய் ஞாபகம் வரும், திருப்பூர்ப் பக்கம். வண்டியோ பொள்ளாச்சிக்குப் பக்கத்து ஜமீன் ஊத்துக்குளிக்கு வழி போடுகிறது. திம்பம் மலைப்பாதையில் 2022லிருந்து ராத்திரித் தடை இருக்கிறது, பொழுது சாய்ந்து மைசூருக்குக் கேட்டாலும் வாயே திறக்காமல் அந்த வழியைத்தான் காட்டும்.

நல்லது ஒன்று உண்டு. வால்பாறைக்கு ஏறும்போது டவர் போய்விட்டாலும் மேப்பு நிற்காது. ஆனால் ஆழியார் தாண்டுவதற்குள் போனில் ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் அதுவும் இதே வேலையைச் செய்யும், ஜிபிஎஸ்ஸுக்கு டவர் எதற்கு?

ஹேண்ட்ஸ்ஃப்ரீ சமாச்சாரம் வேறு. வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவில் கையை எடுக்காமல் ஸ்டீயரிங் பட்டனில் போனை எடுப்பது பெரிய நிம்மதி. போனைக் காதில் வைத்துப் பிடிபட்டால் முதல் தடவையே 1,000 ரூபாய் அபராதம், அதுவும் மிச்சம். இதில் விஷயமே மைக்தான். ஷோரூமில் வண்டியை ஓரங்கட்டி அமைதியாகப் பேசிக் காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். ஏசி ப்ளோயரை முழுசாக வைத்து, பல்லடம் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் பேசுங்கள், எதிர்முனையில் "என்னங்க, கேக்கல" என்று வந்தால் அந்த வண்டி வேண்டாம். எங்களுடையது இதில் பாஸ், தாராளமாகச் சொல்வேன். என்ன, பின்சீட்டில் அம்மிச்சி இருக்கும்போது பங்காளி கூப்பிட்டுச் சொத்து விவகாரத்தை எடுத்தால் வண்டி முழுக்கக் கேட்கும், எடுத்தவுடனே "ஸ்பீக்கர்ல இருக்கீங்க" என்று சொல்லிவிடுவது நல்லது.

ஆகையால் போன் மேப்பை வண்டித் திரையில் காட்டுகிற ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஸ்டீயரிங் பட்டனும் நல்ல மைக்கும் நடு வேரியன்ட்டிலேயே கிடைத்தால் அதையே எடுங்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோ வயர்லெஸ் என்பதற்காகக் கூடுதல் காசு வேண்டாம், சித்திரை வெயிலில் மேப்பையும் ஓட்டி வயர்லெஸ் சார்ஜரிலும் வைத்தால் போன் கொதிக்கிறது. ஒரு கேபிள் வண்டியில் கிடக்கட்டும்.