குடியை விட வைக்கும் கூட்டம் தேடுகிறீர்களா? வாசலிலேயே பணம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்

என் அண்ணனுக்கு 46 வயது. லோரி ஓட்டுகிறார். இருபது வருடக் குடி. போன தீபாவளி முடிந்த மறுவாரம் அவராகவே கூப்பிட்டு, "தம்பி, தனியா விட முடியலடா. எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்றார். குடிக்கிறவர் இருக்கும் வீட்டுக்குத்தான் அந்த வார்த்தையின் அருமை தெரியும். அவர் மனசு மாறுவதற்குள் எங்காவது சேர்த்துவிட வேண்டும் என்று பறந்தேன். அந்தப் பதற்றத்தைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, கோலாலம்பூரில் எங்கே கூட்டம் நடத்துகிறது என்று தேடி, முதலில் கண்ணில் பட்ட நம்பருக்கு அடித்தேன். எடுத்தவர் கனிவாகத் தமிழில் பேசினார். "நாங்க அமெரிக்கத் தலைமையகம் அங்கீகரிச்ச கிளை தம்பி. அதே 12 படிதான், தமிழ்லயே நடத்துறோம்." குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த 12 கட்டங்களைத்தான் அப்படிச் சொன்னார். செந்தூல் பக்கம் ஒரு கடைவீட்டு மாடி. பதிவுக்கு 300 வெள்ளி, 12 படிக்கும் சேர்த்து 2,400 வெள்ளி. அண்ணி கையிலிருந்த வளையல்களைக் கழற்றி அடகுக் கடைக்குப் போனார். ஐசி (அடையாள அட்டை) நகல், வேலை செய்யும் கம்பெனி பெயர், ஒரு போட்டோ, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள்.

மாடியில் கூட்டம் என்று எதுவுமே இல்லை. ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அண்ணனை முக்கால் மணி நேரம் ஏசினார். பிறகு வேர்ப்பொடி என்று ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "இன்னையிலிருந்து ஒரு சொட்டு தொடக்கூடாது" என்று அனுப்பிவிட்டார்.

அது சனிக்கிழமை. ஞாயிறு காலையில் அண்ணன் கோப்பிக் கிண்ணத்தைத் தூக்கினார். பீங்கான் தட்டில் கடகடவென்று அடித்தது. இரண்டு கையாலும் பிடித்தார், அப்படியும் பாதி மேசையில் கொட்டியது. சட்டை முழுக்க வியர்வை. போன் அடித்தேன். "விஷம் இறங்குது தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடாதீங்க, பொடி வேலை செய்யாது" என்றார் அதே கனிவான குரலில். நானும் அதை நம்பிவிட்டேன். அன்று இரவு அண்ணனுக்கு வலிப்பு வந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. வருடக்கணக்காகத் தினமும் அதிகமாகக் குடித்தவரின் மூளை அதற்குப் பழகிப்போய் இருக்கும். திடீரென்று நிறுத்தினால் நரம்பெல்லாம் கட்டுமீறித் துடிக்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாள் கழித்துப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கலாம். உயிரே போகலாம். அதற்கு மருந்து இருக்கிறது, வைட்டமின் பி1 ஏற்றுகிறார்கள், டாக்டர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளிக்கு டாக்டரைப் பார்த்திருக்கலாம், அவரே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருப்பார். நடுக்கம், குழப்பம், வலிப்பு என்று எது தெரிந்தாலும் யாருக்கும் போன் அடித்துக்கொண்டிருக்காதீர்கள். நேராக எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்கள்.

அண்ணன் வார்டில் டிரிப்போடு படுத்திருந்தபோது, அவர் போட்டோவைப் போட்டு "எங்கள் சிகிச்சையில் மீண்டவர்" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) பரப்பியிருந்தார்கள். அவருடைய சூப்பர்வைசர் வரைக்கும் போய்விட்டது. பணம் போனதைக்கூட ஆற்றிக்கொண்டேன், இதை இன்றுவரை என்னால் ஆற்ற முடியவில்லை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் பெயரிலேயே அநாமதேயம் இருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் அக்ரோன் நகரில் குடியால் நொந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் மனம் விட்டுப் பேசியதில் தொடங்கியது அது. குடியை விட வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான் சேருவதற்குத் தகுதி. கட்டணம் கிடையாது, ஐசி கேட்க மாட்டார்கள், மருந்து விற்க மாட்டார்கள். வெளியாரிடம் நன்கொடைகூட வாங்குவதில்லை. இதெல்லாம் தெரிந்திருந்தால் நான் அந்த மாடிப்படியே ஏறியிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் உண்மையான கூட்டத்துக்குப் போனோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் ஒரு சுடுதண்ணீர் பிளாஸ்க். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம்தான். அண்ணன் தயங்கியதும் பக்கத்தில் இருந்த பெரியவர், "தமிழ்லயே பேசுப்பா, நான் இருக்கேன்" என்றார். முடிவில் ஒரு பிஸ்கட் டின் சுற்றி வந்தது, உள்ளே பெரும்பாலும் 1 வெள்ளி நோட்டுகள். நான் பர்ஸை எடுத்ததும் அந்தப் பெரியவர் டின்னைக் கையால் மூடி, "முதல் தடவை வர்றவங்க போட வேணாம்" என்று அடுத்தவரிடம் தள்ளிவிட்டார். அண்ணன் அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், "அங்க யாருமே என்னை ஏசல பாத்தியா" என்றார்.

குடும்பத்தார் கூட வருவதாக இருந்தால், அது திறந்த கூட்டமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். வீட்டாருக்கென்றே அல்-அனான் என்று தனியாக இருக்கிறது, அண்ணியை அங்கே அனுப்பப் பார்க்கிறேன்.

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. அடுத்து பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகிறேன், மனுவுக்கு 5 வெள்ளிதான். ஆனால் ரசீதை எடுத்துப் பார்த்தால் "நன்கொடை" என்று எழுதியிருக்கிறது, ஏதோ நாங்களாகவே விரும்பிக் கொடுத்த மாதிரி. கொடுக்கும்போதே ரசீதைப் படித்துப் பாருங்கள். நான் படிக்கவில்லை.

இதே மாதிரி செந்தூல் பக்கம் ஒரு மாடியில் பணம் கட்டி, "நன்கொடை" என்று ரசீது வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், உங்கள் பெயரை நான் வெளியே சொல்ல மாட்டேன்.