காதில் சீழ்: மாத்திரையா, சொட்டு மருந்தா?

மாதக்கணக்கில் காதில் சீழ் வடிகிறவர்கள் பலரும் கேட்பது, "நல்ல பவரான மாத்திரையா எழுதுங்க டாக்டர்" என்பதுதான். சொட்டு மருந்து என்றால் ஏதோ சின்ன வைத்தியம் போலத் தோன்றுகிறது. கணக்குப் போட்டால் கதை வேறு.

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லியின் 500 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கினால் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு, மூன்று மைக்ரோகிராம்தான் சேரும். அதே மருந்தின் 0.3 சதவீதச் சொட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 3,000 மைக்ரோகிராம். இப்படி வடிகிற காதில் பெரும்பாலும் செவிப்பறையில் ஓட்டை இருக்கும். சொட்டு அதன் வழியாக நேரே நடுக்காதுக்குள் இறங்குகிறது.

இந்த அடர்த்தி ஏன் வேண்டும்? நாள்பட்டுச் சீழ் வடியும் காதில் அதிகம் தென்படும் சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கின்றன. எதிர்க்க வரும் வெள்ளையணுக்களால் படலத்தை விழுங்க முடிவதில்லை. நொதிகளைக் கக்கிவிட்டு அங்கேயே சாகின்றன. சீழில் பெரும்பங்கு அந்தப் பிணங்கள்தான். செத்த அணுக்கள் சிந்தும் டிஎன்ஏவையே சூடோமோனாஸ் தன் படலத்துக்குச் சாந்தாகப் பூசிக்கொள்ளும் என்பதுதான் கொடுமை. சண்டை நீள நீள, சேதம் நம் சளிச்சவ்வுக்கும் காதின் குட்டி எலும்புகளுக்கும். ஆகவே "வடியட்டும், கெட்டது வெளியே போகுது" என்று விட்டுவிடக் கூடாது.

சொட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. ஜென்டாமைசின், நியோமைசின் வகைகள் ஓட்டை வழியே உட்காது வரை போய்க் கேட்கும் திறனைக் கெடுக்கலாம். ஓட்டையுள்ள காதுக்கு என் ஓட்டு சிப்ரோவுக்கே. காய்ச்சிய பூண்டு எண்ணெயை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

ஆனால் சீழுக்கு மேலேயே சொட்டை விட்டால் வீண். டிஷ்யூ பேப்பரைத் திரியாகத் திரித்து, நனையாமல் வரும்வரை மாற்றி மாற்றி ஒற்றி எடுக்க வேண்டும். குளிர்ந்த சொட்டு தலை சுற்ற வைக்கும், எனவே பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள். அப்புறம் ஒருக்களித்துப் படுத்து, சொட்டு விட்டு, துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தெலும்பை நாலைந்து முறை அமுக்கிவிட வேண்டும்.

மாத்திரைக்கோ ஊசிக்கோ வேலை, தொற்று காதைத் தாண்டிப் பரவும்போதுதான். சீழ் நின்று காய்ந்த காதின் ஓட்டையை அடைக்க, நெற்றிப்பொட்டுப் பகுதித் தசைமேல் உள்ள மெல்லிய உறையை எடுத்து ஒட்டுப்போடுவார்கள். நடுக்காதில் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியட்டோமா என்றால் இந்தப் போட்டியே செல்லாது. அதற்கு அறுவை சிகிச்சைதான். சீழோடு முகம் கோணினாலோ, தலை சுற்றினாலோ, காதின் பின்னால் வீங்கினாலோ அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.