தெர்மோகோல் கோப்பை கலோரிமானி: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் எச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். உப்பு தண்ணீரில் கரையும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தை அளக்கப் பல வருடங்களாக நான் வைத்திருப்பது ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு தெர்மோகோல் கோப்பைகள், துளை போட்ட அட்டை மூடி, 0.1 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர், சின்னத் தராசு, அவ்வளவுதான். 2021 ஜனவரியில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் கோப்பைகளுக்கு இங்கே தடை வந்தது. அதற்கு முன் வாங்கியவற்றையே கழுவிக் கழுவிப் பயன்படுத்துகிறேன்.

ஸ்டீல் பிளாஸ்க்கும் வைத்துப் பார்த்தேன். சூட்டை நன்றாகக் காக்கும். ஆனால் அதன் உள்சுவரே கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் அதையும் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். தெர்மோகோல் உறிஞ்சும் வெப்பம் மிகக் குறைவு, கணக்கில் விட்டுவிடலாம். பள்ளிப் பாடத்துக்கு என் ஓட்டு தெர்மோகோலுக்கே.

எனக்கு மிகவும் பிடித்தது பொட்டாசியம் நைட்ரேட். 100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் போட்டால் வெப்பநிலை ஏறத்தாழ 4 டிகிரி இறங்க வேண்டும். 105 கிராம் கரைசல், 4.18 (ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்), வெப்பநிலை வித்தியாசம் மூன்றையும் பெருக்கி, போட்ட உப்பின் மோல் அளவால் (மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) வகுத்தால் போதும். நூல்களில் இருப்பது மோலுக்கு சுமார் 35 கிலோஜூல். எங்களுக்குப் பெரும்பாலும் 33 பக்கம் வருகிறது. கோடைக்கால அறையில் வெளிச்சூடு உள்ளே புகுவதுதான் காரணம். அதனால் அறையைவிட 2 டிகிரி சூடான தண்ணீரில் தொடங்குகிறோம். முதல் பாதியில் வெளியேறும் வெப்பமும் பின்பாதியில் உள்ளே வரும் வெப்பமும் ஓரளவு சரிக்கட்டிவிடும். அப்புறம், அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரைபடம் போட்டு, உப்பைக் கலந்த நேரம் வரை கோட்டைப் பின்னோக்கி நீட்டுவதை நான் விடுவதே இல்லை.

கால்சியம் குளோரைடு போடும்போது சூடு குறைவாக வந்தால் கோப்பையைக் குறை சொல்லாதீர்கள். நீரற்ற உப்பு மோலுக்கு 80 கிலோஜூலுக்கு மேல் வெளிவிடும். இந்தத் தீவின் ஈரக் காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தால் தண்ணீரை இழுத்துக்கொண்டு, கரையும்போது தரும் சூடு குறைந்துவிடுகிறது. ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகமோ கரையும்போது குளிர்ச்சியையே தரும்! இறுக்கமான மூடி உள்ள ஜாடி வாங்குங்கள், எடை போட்டவுடன் கொட்டிவிடுங்கள்.

தெர்மாமீட்டர் முனை குத்தி உள்கோப்பையில்தான் முதலில் ஓட்டை விழும். அதை மட்டும் மாற்றினால் போதும்.