ஹோபி ஓவர்லே வெள்ளிக் காப்பு: கறுப்பைத் துலக்கி எடுத்துவிடாதீர்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பூர்வகுடிகளான ஹோபி மக்கள் செய்யும் ஓவர்லே வெள்ளிக் காப்பை இணையம் வழியாக வரவழைத்துச் சிங்கப்பூரில் போட்டுக்கொள்ளலாமா? தாராளமாகப் போடலாம், வேலைப்பாடு விலைக்குத் தகுந்ததுதான். ஆனால் தேக்காவில் வாங்கிய கொலுசைத் துலக்குவதுபோல இதையும் துலக்கினால் கொடுத்த காசு வீண்.

இது இரண்டு வெள்ளித் தகடுகளில் செய்யும் வேலை. மேல்தகட்டில் மேகம், மழை, கரடிப் பாதம், நீரலை என்று ஏதாவது ஓர் உருவைக் கீறி, சிறு துளை போட்டு, அதன் வழியே இழை ரம்பத்தை நுழைத்து அறுத்தெடுப்பார்கள். அறுத்த ஓரத்தை அரத்தால் சீவி, அடித்தகட்டின்மேல் வைத்துப் பற்றாசு கொடுத்து ஊதிச் சேர்ப்பார்கள். சூடு சீராகப் பரவாவிட்டால் ஓரத்தில் சந்து விழும். பற்றாசு கூடிப்போனால் பள்ளத்துக்குள் வழிந்து கட்டிநிற்கும். பள்ளத்தில் தெரியும் அடித்தகட்டில் சிற்றுளியால் நெருக்கமாகக் கோடு கொத்தி, கந்தகக் கரைசலில் கறுக்கவிட்டு, மேல்பரப்பை மட்டும் மெருகிடுவார்கள். கொத்திய தளத்தில் ஒளி சிதறுவதால் கறுப்பு ஆழமாகத் தெரிகிறது.

இந்தப் பாணி அவ்வளவு பழையதல்ல. ஹோபி வெள்ளி வேலைக்கும் அண்டைப் பூர்வகுடிகளான நவஹோ, ஸூனி மக்களின் வேலைக்கும் முன்பெல்லாம் பெரிய வேறுபாடு கிடையாது. 1930களின் இறுதியில் ஃபிளாக்ஸ்டாஃபில் உள்ள வட அரிசோனா அருங்காட்சியகம் ஹோபிகளுக்கென்று தனிப் பாணி வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1947இல் ஊர் திரும்பிய ஹோபி வீரர்களுக்கு வகுப்பு தொடங்கியபோது, பட்டறை வேலையைப் பால் சவ்ஃப்கியும் உருவமைப்பை ஓவியர் ஃபிரெட் கபோட்டியும் கற்றுக்கொடுத்தார்கள். 1949இல் ஹோபி வெள்ளி வேலைக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கபோட்டி, செகண்ட் மேசா என்ற தட்டை உச்சி மேட்டில் இருக்கும் ஷுங்கோபவி ஊர்க்காரர். சாண்டா ஃபே பள்ளியில் படிக்கும்போதே நீர்வண்ணத்தில் கச்சினா (ஹோபி சடங்குகளில் வரும் ஆவியுரு) ஆட்டக்காரர்களை வரைந்தவர். கிராண்ட் கேன்யனின் டெசர்ட் வியூ காவற்கோபுரத்துக்குள் சுவரோவியம் தீட்டியவர். 1945இல் குகன்ஹைம் அறக்கட்டளையின் நல்கை பெற்று, 1986இல் மறைந்தார். வெற்றுத்தாளில் உருவை மட்டும் நிறுத்தும் ஓவியக் கண் இந்த நகையிலும் வேலை செய்கிறது என்பது எங்கள் கருத்து. எதை அறுத்தெடுப்பது, எதை விட்டுவைப்பது என்பதில்தான் நல்ல காப்பு தனித்துத் தெரிகிறது. அவர் மகன் மைக்கேலும் ஓவியராகவும் வெள்ளி வேலைக்காரராகவும் இருந்தார்.

வாங்கும்முன் விற்பவரிடம் பக்கவாட்டுப் படம் கேளுங்கள். விளிம்பில் இரு தகடுகள் சேர்ந்த மெல்லிய கோடு தெரிந்தால் நல்லது. உருவின் உள்ளோரம் செங்குத்தாக நிற்க வேண்டும். ஓரம் மழுங்கி, தளத்தில் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் இருந்தால் அச்சில் வார்த்ததாக இருக்கலாம். உட்புறத்தில் செய்தவரின் முத்திரையைப் பாருங்கள். பலர் தங்கள் குலச் சின்னத்தையே முத்திரையாக வைத்திருக்கிறார்கள். பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே செய்தவர் பெயரை எழுத்தில் கேட்கத் தயங்க வேண்டாம். விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொருளின் மதிப்பு 400 சிங்கப்பூர் டாலரைத் தாண்டினால், அனுப்பும் செலவையும் சேர்த்து 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும்.

அளவு சொல்லும்போது காப்பின் உட்சுற்றையும் வாய் இடைவெளியையும் (இரு முனைகளுக்கும் நடுவே உள்ள திறப்பு) தனித்தனியே கேளுங்கள். இடைவெளி 25 முதல் 30 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். மணிக்கட்டின் பக்கவாட்டில் நுழைத்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். போடும்போதெல்லாம் இழுத்து விரித்தால் வெள்ளி இறுகி, உரு அறுத்த மெலிந்த இடத்தில் விரிசல் விடும்.

பராமரிப்பில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் மேல்பரப்பு சீக்கிரமே மங்கும். மங்கவைப்பதும் வெள்ளி சல்ஃபைடு, பள்ளத்தின் கறுப்பும் அதே வெள்ளி சல்ஃபைடு. அழுக்கு எது, அலங்காரம் எது என்று கரைசலுக்குத் தெரியாது. வெள்ளி துலக்கும் கரைசலான சில்வர் டிப்பில் முக்கினால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரும் அப்படித்தான்: அலுமினியம் கந்தகத்தை இழுத்துக்கொள்ள, பள்ளம் வெளுத்துவிடும். விபூதி போட்டுத் தேய்த்தால் உளிக்கோடுகளுக்குள் தூள் அடைத்துக்கொண்டு தளம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். மருந்து தடவாத மென்துணியைத் தட்டையான சிறு அட்டையில் சுற்றி, மேல்பரப்பை மட்டும் ஒரே திசையில் துடையுங்கள். வியர்வை பட்டால் வெறும் நீரில் அலசி ஒற்றி எடுங்கள். காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ரப்பர் பேண்ட் போட வேண்டாம், அதிலும் கந்தகம் உண்டு. செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்குப் போகும்போது காப்பைக் கழற்றிவிடுங்கள்.

விரிசலை அடைக்கப் பட்டறையில் கொடுத்தால், ஊதும் சூட்டில் அந்த இடத்தின் கறுப்பு போய்விடும். மொத்தக் காப்பையும் அமிலத்தில் போட்டு வெளுக்கவும் செய்வார்கள். கந்தகக் கரைசலில் மறுபடி கறுக்கவைத்து மேல்பரப்பை மட்டும் மெருகிடத் தெரியுமா என்று முதலிலேயே கேளுங்கள். தெரியாது என்றால் காப்பைக் கையில் கொடுக்காதீர்கள்.